வங்காளம் தட்டச்ச நாமே ஒரு விசைப்பலகை செய்வது எப்படி?

கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் வங்காளத்தை அவ்ரோவில்தான் அடித்தேன். 2003இல் மெஹ்தி ஹசன் கான் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்தால் வங்காளம் வரும். நாளைக்கு நாலு வரி எழுதுகிறவர்களுக்கு அதுவே தாராளம், இதற்கு மேல் படிக்க வேண்டாம். பக்கம் பக்கமாக அடிக்க ஆரம்பித்ததும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று விசை. தமிழ்99 விசைப்பலகையில் பழகிய கைக்கு அது தண்டனை.

பங்களாதேஷில் பரவலான பிஜோயையும் (1988, முஸ்தபா ஜப்பார்) பார்த்தேன். நம் பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடிப்போமே, அந்த மாதிரி அதில் ஏ-காரை (ஏ-வின் உயிர்க்குறி) மெய்க்கு முன்னால் அடிக்க வேண்டும். எனக்கு வேண்டாம்.

ஆகவே இந்திய மொழிகளுக்கான அரசுத் தர விசைப்பலகையான இன்ஸ்கிரிப்டை எடுத்துக்கொண்டு திருத்துவோம். உயிர்க்குறிகள் இடது கையில், மெய்கள் வலது கையில். தமிழ்99காரர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

1. எண்ணுங்கள். நீங்கள் எழுதிய வங்காளத்தையே ஒரு கோப்பில் போட்டு, எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். பைதானில் நாலு வரி. முழு எழுத்தாக எண்ணாமல் யூனிகோட் குறியீடுகளாக எண்ண வேண்டும், ஏனென்றால் விரல் அடிப்பது அதைத்தான். என் கோப்பில் ஆ-கார், ஏ-கார், ர மூன்றும் முன்னால் நின்றன.

2. இடம் மாற்றுங்கள், ஆனால் கொஞ்சமாக. இன்ஸ்கிரிப்டில் இடது நடுவிரல் உட்காரும் டி விசையில் ஹசந்த (நம் புள்ளி மாதிரி) இருக்கிறது. அதற்கு நேர் மேலே ஆ-கார். அதிகம் வருவது ஆ-கார்தானே? இரண்டையும் இடம் மாற்றினேன், அவ்வளவுதான்.

முதல் தடவை புத்திசாலித்தனமாக ஹசந்தவை வலது சுண்டுவிரலுக்குத் தள்ளியிருந்தேன். 'ஸ்த்ரீ' என்று அடித்துப் பாருங்கள்: ஸ, ஹசந்த, த, ஹசந்த, ர. ஐந்தும் வலது கை. ஹசந்த இடது கையில் இருந்தால் வலம், இடம், வலம், இடம், வலம் என்று கை தாளம் போடும். கூட்டெழுத்துகள் மண்டிய மொழியில் இதைவிட முக்கியமான முடிவு கிடையாது.

3. கருவி. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கீபோர்ட் லேஅவுட் கிரியேட்டரில்தான் தொடங்கினேன். இருக்கிற இன்ஸ்கிரிப்டைத் திறந்து, விசையைச் சொடுக்கி மாற்றி, பில்ட் கொடுத்தால் நிறுவும் கோப்பு வந்துவிடும். திருத்தி மறுபடி நிறுவுமுன் பழையதை நீக்கிவிடுங்கள். ஆனால் அடுத்த படியில் வரும் சிக்கலால் கீமேன் டெவலப்பர் என்ற இன்னொரு விசைப்பலகைக் கருவிக்கு மாறிவிட்டேன். இப்போது கேட்டால் நேராக அதற்கே போங்கள் என்பேன்.

4. ஜ-ஃபலா. என் இரண்டு வாரத்தைத் தின்றது இதுதான். மெய்யோடு ஹசந்தவும் ஜ-வும் (இங்கே ஜ என்பது ஜ என்று ஒலிக்கும் য, জ அல்ல) சேர்ந்தால் பக்கத்தில் ஒரு வளைவு ஒட்டிக்கொள்ளும். 'பேங்க்' என்ற சொல்லை வங்காளத்தில் எழுத இது வேண்டும். அடிக்கடி வருவதால் தனி விசை கொடுத்தேன்.

வம்பு ர-வில் வந்தது. ர, ஹசந்த, ஜ என்று அடித்தால் ர மேலேறி, அடுத்த எழுத்தின் தலையில் நிற்கும் ரெஃப் என்ற குறி ஆகிவிடும். சூரியனைக் குறிக்கும் 'சூர்ஜோ'வுக்கு அது சரி. பேரணியைக் குறிக்கும் 'ரேலி'க்குத் தப்பு. அங்கே ர கீழேயே நிற்க வேண்டும். அதற்கு ர-வுக்கும் ஹசந்தவுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் ஜாயினர் என்ற குறியீடு வேண்டும்.

சரி, ஜ-ஃபலா விசையிலேயே ஜாயினரையும் சேர்த்துவிட்டால்? சேர்த்தேன். 'ரேலி' அழகாக வந்தது, 'பேங்க்' கூட. ஒரு மாதம் கழித்து என் கோப்பிலேயே 'பேங்க்' என்று தேடினால் ஒன்றுமே இல்லை! தேடல் பெட்டியில் வேறொரு பக்கத்திலிருந்து நகலெடுத்த சொல், கோப்பில் ஜாயினர் ஒளிந்த சொல். பார்வைக்கு இரண்டும் ஒன்று.

தீர்வு: முன்னால் ர இருந்தால் மட்டும் ஜாயினர். முன் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் விதி கீமேனில் ஒரு வரி. மைக்ரோசாஃப்ட் கருவியில் அது முடியாது, ர-வுக்கென்று இன்னொரு விசை ஒதுக்க வேண்டும். 'சூர்ஜோ' வேண்டுமானால் ஹசந்தவையும் ஜ-வையும் தனித்தனியாக அடிக்கிறேன்.

பிற்சேர்க்கை: புள்ளி வைத்த ய-வும் தேடலில் சிக்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். உண்மைதான். அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஜ-வோடு நுக்தா (கீழே வைக்கும் புள்ளி) சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். ஒரே எழுத்தின் பல குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் இயல்பாக்கத்தில் நிற்பது இரண்டாவதுதான். விக்கிப்பீடியாவில் சேமித்தாலும் அப்படித்தான் ஆகும். புள்ளி வைத்த இரண்டு ட-க்களுக்கும் இதே கதி. மூன்றையும் இரட்டைக் குறியீட்டுக்கு மாற்றிவிட்டேன். பேக்ஸ்பேஸ் அடித்தால் சில செயலிகளில் முதலில் புள்ளி மட்டும் போகும், பயப்படாதீர்கள்.