நவ்ரூஸ் வாழ்த்தில் எங்கே சறுக்குகிறோம்?

மார்ச் மூன்றாம் வாரம், வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் வந்தால் அலுவலக வாட்ஸாப் குழுவில் யாராவது ஒருவர் "இரானிய இஸ்லாமியப் புத்தாண்டு வாழ்த்துகள், மார்ச் 21" என்று பூப்போட்ட படம் ஒன்றைப் போடுவார். நல்ல மனசுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று பிழைகள். துபாயிலும் டொராண்டோவிலும் இரானியர், ஆப்கானியர், குர்துகளோடு வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறைய இருப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் தேதி. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே வரும் அந்தக் கணம்தான் இரானில் புத்தாண்டு. அது அதிகாலை மூன்று மணிக்கு வந்தாலும் பல வீடுகளில் எழுந்து புதுத்துணி உடுத்திக் காத்திருப்பார்கள். சித்திரை எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்று பஞ்சாங்கம் பார்க்கும் நமக்கு இது புரியாத விஷயமில்லை. (நம் கணக்கு நட்சத்திரங்களை வைத்துப் போடும் நிராயணக் கணக்கு. அதனால்தான் நமக்கு அது ஏப்ரல் 14 வாக்கில் வருகிறது.) அந்தக் கணம் டெஹ்ரானில் நண்பகலுக்கு முன் வந்தால் அன்றைக்கே அவர்களின் முதல் மாதமான ஃபர்வர்தினின் முதல் தேதி, நண்பகல் தாண்டினால் மறுநாள். 2024-இல் காலை 6.36-க்கு வந்ததால் மார்ச் 20. 2025-இல் பகல் 12.31-க்கு வந்தது, அரை மணி நேரத்தில் தேதி 21-க்குப் போய்விட்டது. ஐ.நா. 2010-இல் மார்ச் 21-ஐ சர்வதேச நவ்ரூஸ் நாளாக அறிவித்ததால் எல்லாப் படங்களிலும் அதுவே நிற்கிறது. ஆண்டு எண்ணிலும் கவனம் வேண்டும். 2025 மார்ச்சில் இரானில் பிறந்தது 1404. நாம் அறிந்த ஹிஜ்ரி ஆண்டு அப்போது 1446. இரண்டும் 622-இல்தான் தொடங்குகின்றன, ஆனால் ஒன்று சூரியக் கணக்கு, மற்றது சந்திரக் கணக்கு.

அடுத்தது, "இரானியப் புத்தாண்டு" என்பது. இதில்தான் மனஸ்தாபம் வரும். யுனெஸ்கோ 2016-இல் நவ்ரூஸைப் பன்னிரண்டு நாடுகளின் பொது மரபாகப் பட்டியலிட்டது. அதில் இந்தியாவும் உண்டு. குர்துகளுக்கு இது விடுதலையின் நாள். தோள்களில் பாம்பு முளைத்த கொடுங்கோலன் ஸஹாக்கை கொல்லன் காவா வீழ்த்தி, மலைமேல் தீ மூட்டி ஊருக்கு அறிவித்தான் என்பது அவர்கள் சொல்லும் கதை. இராக்கின் குர்து நகரமான அக்ரேயில் இன்றும் மாலையில் தீப்பந்தங்களோடு மலையேறுகிறார்கள். இந்த நாளுக்காக அடிபட்டவர்கள் அவர்களில் பலர் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய் "உங்கள் இரானியப் புத்தாண்டு" என்றால் முகம் மாறத்தான் செய்யும். கசகஸ்தானிலோ சோவியத் காலத்தில் 1926-இல் தடை செய்யப்பட்டு 1988-இல்தான் திரும்ப வந்தது. அவர்கள் சொல்வது நவ்ரிஸ். ஏழு பொருள் சேர்த்துக் காய்ச்சும் 'நவ்ரிஸ் கொழே' என்ற கஞ்சிதான் அங்கே முக்கியம். "நவ்ரூஸ் வாழ்த்துகள்" என்று மட்டும் சொல்லுங்கள், நாட்டின் பெயரை விட்டுவிடுங்கள்.

மதமும் அப்படித்தான். வேர் பண்டைய பாரசீக மதமான ஜொராஸ்டிரிய மரபில் இருக்கிறது. இன்று கொண்டாடுவோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஆனாலும் இது இஸ்லாமியப் பண்டிகை இல்லை. சவுதிக்காரருக்கோ எகிப்தியருக்கோ நவ்ரூஸ் வாழ்த்து அனுப்பினால் எதற்கு என்று கேட்பார். ஆப்கானிஸ்தானில் தாலிபான் ஆட்சி இதை அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. பஹாய் மதத்தாருக்கோ இது பத்தொன்பது நாள் நோன்பு முடியும் புனித நாள். நம் ஊர்ப் பார்சிகள் விஷயம் வேறு. ராயபுரத்தில் 1910-இல் கட்டிய அக்னி ஆலயம் அவர்களுடையதுதான். மார்ச் 21-இல் ஜம்ஷேதி நவ்ரோஸ் உண்டு என்றாலும், இந்தியாவில் 'பார்சி புத்தாண்டு' என்று விடுமுறைப் பட்டியலில் வருவது ஆகஸ்டில். அவர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஹென்ஷாஹி நாட்காட்டியில் லீப் நாள் கிடையாது. அதனால் புத்தாண்டு வசந்தத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து ஆகஸ்டுக்குப் போய்விட்டது. அவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வாழ்த்தலாம்.

வீட்டுக்கு அழைத்தால் விரிப்பில் 'ஹஃப்த் ஸீன்' இருக்கும். பாரசீக 'ஸீன்' எழுத்தில் தொடங்கும் ஏழு பொருட்கள்: முளைவிட்ட கோதுமை, பூண்டு, ஆப்பிள், வினிகர், சுமாக் தூள், செஞ்செத் பழம், சமனு என்ற கோதுமைக் கூழ். ஆங்கில எஸ்ஸில் தொடங்குகிறதே என்று உப்பையும் சர்க்கரையையும் எடுத்துப் போகாதீர்கள். பார்வைக்கு வைத்ததை எடுத்துச் சாப்பிடவும் கூடாது. விருந்தாளிக்கான தட்டு தனியாக வரும். சமனு நன்றாகத் தித்திக்கும், ஆனால் அதில் சர்க்கரையே போடுவதில்லை, எல்லாம் முளைகட்டிய கோதுமையின் இனிப்பு. முளைப்பாரி போட்டுப் பழகியவர்கள் அந்தப் பச்சைத் தட்டை நீங்களே வளர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே நனைத்துவிடுங்கள். ஆப்கானியர் வீட்டில் ஹஃப்த் ஸீனைத் தேடாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஏழு உலர்பழங்களை ஊறவைத்த 'ஹஃப்த் மேவா'தான். என் ருசிக்கு அதுவே மேல்.

'சஹார்ஷன்பே சூரி' என்ற தீ தாண்டும் சடங்கின் பெயரில் புதன்கிழமை இருக்கிறது. ஆனால் அது நடப்பது ஆண்டின் கடைசிச் செவ்வாய் இரவில். புதன் மாலை போனால் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும்.

பலரும் யோசிக்காத ஒன்று. அந்த ஆண்டில் துக்கம் நடந்த இரானிய வீட்டுக்கு அது இறந்தவர் இல்லாத முதல் நவ்ரூஸ். உறவினர்கள் அங்கே முதலில் போய் ஆறுதலாக உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அவர்களுக்குப் பட்டாசும் பலூனும் உள்ள படத்தை அனுப்ப வேண்டாம். ஒரு போன் போட்டு நலம் விசாரித்தால் போதும்.

அப்புறம் வேலை விஷயம். இரானில் பள்ளிகளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் விடுமுறை, அலுவலகங்களும் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். பதின்மூன்றாம் நாளான 'ஸிஸ்தா பெதர்' ஏப்ரல் 1 அல்லது 2-இல் வரும். ஊரே பூங்காக்களுக்கும் ஆற்றங்கரைக்கும் போய், வளர்த்த பச்சையை ஓடும் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பும். அவசரக் கையெழுத்து, கப்பல் சரக்கு எதுவானாலும் மார்ச் நடுவுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கசகஸ்தானில் அரசு விடுமுறை மார்ச் 21 முதல் 23 வரை மூன்று நாள்தான். வார இறுதி குறுக்கே வராவிட்டால் 24-ஆம் தேதியே போன் போடலாம்.