குழந்தைகளுக்குக் குறைந்த செலவில் புத்தகங்கள்: முதலில் இரவல், பிறகு விலை

குழந்தைப் புத்தகத்தைக் கையில் எடுத்து, பின்னட்டையில் விலையைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடும் பெற்றோர் நிறையப் பேர். விலைக்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், கனமான தாள், எழுதியவரோடு ஓவியருக்கும் ஊதியம். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் முடிவதும் செலவை ஒட்டித்தான். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற மடங்கில்தான் கிடைக்கும்.

படித்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் பிடித்துப்போனால் அதையே நூறு முறை படிக்கச் சொல்லும் குழந்தை. பிடிக்காவிட்டால் ஒரு தடவையோடு சரி, பாதி விலையில் வாங்கியிருந்தாலும் அந்தப் பணம் அலமாரியில் தூங்கும். ஆகவே விலையை எத்தனை வாசிப்புக்கு என்று வகுத்துப் பாருங்கள். எது நூறு முறை ஓடும் என்று கடையில் நின்று ஊகிக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் தெரியும், அதற்குத்தான் இரவல்.

படி 1: ஒரு தொகையைத் தனியே வையுங்கள்

சின்னத் தொகை போதும். மாதம் தவறாமல் ஒதுக்குங்கள். செலவாகாத மாதம் அடுத்த மாதத்தோடு சேரட்டும். வீட்டுச் செலவோடு கலந்து வைத்தால் புத்தகப் பணம்தான் முதலில் கரையும்.

படி 2: நூலகத்தைச் சோதனைக்களம் ஆக்குங்கள்

குழந்தையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை கிடைக்குமா என்று கேளுங்கள். பல நூலகங்களில் சிறுவர்களுக்குத் தனி அட்டை உண்டு, சிலவற்றில் கட்டணமும் இல்லை. ஒருமுறைக்கு எத்தனை எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், வேறு கிளையில் இருப்பதை வரவழைத்துத் தருவார்களா, இந்த மூன்றையும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

எடுக்கும்போது பாதியை நீங்களும் பாதியைக் குழந்தையும் தேர்ந்தெடுங்கள். குழந்தை எடுப்பது உங்களுக்குக் குப்பையாகத் தோன்றலாம். எடுக்கட்டும், காசா பணமா? உங்கள் ரசனைக்கு ஒத்துவராத ஒரு டைனோசர் புத்தகம்தான் சில பிள்ளைகளை வாசிக்க வைக்கிறது.

தானாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அளவு சரியா என்று பார்க்க ஐந்து விரல் சோதனை போதும். நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு நீங்கள் வாசித்துச் சொல்ல வேண்டியது. ஒன்றுகூட மடங்காவிட்டால் மிக எளிது, அதுவும் தவறில்லை.

இரவலில் உள்ள ஒரே வம்பு தாமதக் கட்டணம். எடுத்துவந்த புத்தகங்களை அடுக்கி ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள், திருப்பும் நாள் எது குறைகிறது என்று தேட வேண்டியிராது. நூலகப் புத்தகங்களுக்கு வீட்டில் ஒரே ஒரு பை. படித்தாயிற்றா, பைக்குள் போக வேண்டும்.

திருப்பிக் கொடுத்த பிறகும் ஒரு புத்தகத்தை மூன்று முறை கேட்டால், அதன் பெயரை எழுதி வையுங்கள். வாங்க வேண்டியவற்றின் பட்டியல் அங்கேதான் தொடங்குகிறது.

படி 3: பட்டியலில் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்

பின்னட்டையில் பட்டைக்கோட்டுக்கு அருகே ஐஎஸ்பிஎன் எண், அதாவது அந்தப் பதிப்பை அடையாளம் காட்டும் எண், இருக்கும். 2007 முதல் அது 13 இலக்கம், 978 அல்லது 979 என்று தொடங்கும். அதற்கு முந்தையவற்றில் 10 இலக்கம். ஒரே கதை கெட்டி அட்டையில் வந்தால் ஓர் எண், பேப்பர்பேக்கில் வந்தால் வேறு எண். விலையை ஒப்பிடும்போது எண்ணை வைத்துத் தேடினால் அதே பதிப்புதான் வரும். பெயரை வைத்துத் தேடினால் மலிவான மற்ற பதிப்புகளும் கண்ணில் படும். இரண்டையும் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: கைக்குழந்தைகளுக்கான தடித்த அட்டைப் பதிப்பில் சில கதைகளைச் சுருக்கியிருப்பார்கள். மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் பிள்ளைக்குப் பிடித்த பக்கமே அதில் இல்லாமல் போகலாம்.

படி 4: பழைய புத்தகம் வாங்கும்போது மூக்கையும் பயன்படுத்துங்கள்

பழைய புத்தகக் கடை, நூலகங்கள் கழித்து விற்கும் பிரதிகள், வளர்ந்துவிட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகள். பட்டியலில் உள்ளதில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடும், அவசரப்படாமல் இருந்தால். நூலகம் கழித்த பிரதியில் முத்திரையும் ஒட்டுத்தாளும் இருக்கும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை.

முதலில் முகர்ந்து பாருங்கள். மக்கின வாடை அடித்தாலோ, பொடிப்பொடியாகப் பூஞ்சை தெரிந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டிலுள்ள மற்ற புத்தகங்களுக்கும் பரவும், இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகவே ஆகாது. பிறகு நடுப்பக்கத்தைத் திறந்து தையல் அல்லது பின் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம். மடிப்பைத் திறந்து பார்க்கும் வகைப் புத்தகங்களில் ஒவ்வொரு மடிப்பும், புதிர்ப் புத்தகங்களில் விடை எழுதப்படாத பக்கங்களும் எத்தனை மிச்சம் என்று எண்ணிவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் புத்தகமென்றால் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வண்ண அச்சு மைகளில் ஈயம் கலந்திருந்ததும் உண்டு. எதையும் வாயில் வைக்கும் வயதில் மிகப் பழைய வண்ணப் புத்தகங்களைத் தவிர்க்கலாம்.

பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் தாள் வியர்க்காது.

படி 5: இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பதை அச்சிடுங்கள்

பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் உள்ளன, வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் படைத்தவர் பெயரை நீக்காமல் தரவிறக்கலாம், அச்சிடலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆங்கிலம் படிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு, மின்னூல்களுக்கு 1971இல் தொடங்கிய குட்டன்பெர்க் திட்டமும், தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூல்களுக்கு 2005 முதல் இயங்கும் லிப்ரிவாக்ஸும் இருக்கின்றன. தமிழில் மதுரைத் திட்டம் 1998 முதல் மின்னூல்களைத் தருகிறது. அதில் பெரும்பகுதி பழைய இலக்கியம் என்பதால் சின்னப் பிள்ளைக்கு அதிகம் தேறாது.

திரையிலேயே காட்டிவிடலாமே என்றால், காட்டலாம். ஆனால் மடியில் வைத்துப் புரட்டுகிற சுகம் அதில் குறைவு, அடுத்த நொடி வேறு செயலிக்கு விரல் தாவிவிடும். பிடித்த கதையை மட்டும் கையடக்கப் புத்தகமாக அச்சிடுவது இப்படி:

1. பக்கங்களை எண்ணுங்கள். ஒரு தாளில் நான்கு பக்கம் வரும், ஆகவே 16 பக்கக் கதைக்கு நான்கு தாள். நான்கால் வகுபடாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும். அதில் குழந்தை வரையட்டும்.
2. பிடிஎஃப் செயலியின் அச்சுப் பகுதியில் 'புக்லெட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்க வரிசையை அதுவே மாற்றியமைத்துக்கொள்ளும்.
3. இருபுறமும் அச்சிடச் சொல்லி, தாளைக் குறுகிய விளிம்பில் திருப்புமாறு அமையுங்கள். நீண்ட விளிம்பு என்று விட்டால் மறுபக்கம் தலைகீழாக வரும்.
4. முதலில் ஒரே ஒரு தாளைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுச் சரிபாருங்கள்.
5. தாள்களை அடுக்கி நடுவில் மடித்து, மடிப்பின் மேல் மூன்று துளையிட்டு நூலால் தைத்துவிடுங்கள். சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்புவரை எட்டாது.

படம் நிறைந்த கதைக்கு மை செலவு புத்தக விலையையே தாண்டலாம். கோட்டோவியக் கதைகளை அச்சிட்டு, வண்ணம் தீட்டும் வேலையைப் பிள்ளையிடம் விடுவது கட்டுப்படியாகும்.

படி 6: நான்கைந்து குடும்பங்களோடு மாற்றிக்கொள்ளுங்கள்

2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒருவர் வீட்டு வாசலில் நட்ட சிறு பெட்டியிலிருந்து 'ஒன்றை எடு, ஒன்றை வை' என்ற குட்டி நூலகங்கள் பல நாடுகளுக்குப் பரவின. உங்களுக்குப் பெட்டிகூட வேண்டாம். தெரிந்த குடும்பங்கள் மாதம் ஒருமுறை கொண்டுவந்ததற்கு ஈடாக எடுத்துச் செல்லட்டும். ஒரு விதி போதும்: திரும்பி வந்தே ஆக வேண்டியதை மாற்றத்துக்குக் கொண்டுவரக் கூடாது. இல்லாவிட்டால் சிநேகம் கெடும்.

படி 7: இப்போது புதிதாக வாங்குங்கள்

இத்தனை வழியிலும் கிடைக்காமல் பட்டியலில் மிஞ்சியிருப்பதுதான் உங்கள் பணத்துக்கு உரியது. பேப்பர்பேக் போதும். சொற்களே இல்லாத படப் புத்தகங்களுக்கு நான் தயங்காமல் செலவழிப்பேன். இரண்டு வயதில் ஒரு கதை, ஆறு வயதில் வேறு கதை, எந்த மொழியிலும் சொல்லலாம். பத்துப் புத்தகம் அடங்கிய பெட்டிகளிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. தனித்தனி விலையைக் கூட்டித் தள்ளுபடி காட்டுவார்கள், பிள்ளை இரண்டை மட்டும் படிக்கும். தொடர் நூலென்றால் முதல் பாகத்தை நூலகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

வாங்கியது கிழிந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பிசுபிசுத்துத் தாளையும் பாழாக்கும். மெல்லிய தாள் ஒன்றைக் கிழிசலுக்கேற்ற பட்டையாகக் கிழித்து, மாவுப் பசையை மிகக் கொஞ்சமாகத் தடவி ஒட்டுங்கள். இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து மூடி, மேலே கனமான அகராதி ஒன்றை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.