அரோசா லென்சர்ஹைடேக்கு முதல்முறை ஸ்கீ போகிறவர்களுக்கு

சுவிசுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: நாங்கள் எப்போது ஸ்கீ போவது? பெப்ரவரியில் பள்ளிகளுக்கு விளையாட்டு விடுமுறை வேறு வரும். எந்த வாரம் என்பது கன்டோனுக்குக் (மாநிலத்துக்கு) கன்டோன் மாறும். அந்த வாரங்களில் அறைவாடகை ஏறிவிடும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே பதிந்துவிடுங்கள். இன்னும் பள்ளி போகாத சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால் ஜனவரி நடுப்பகுதி நல்லது.

சூரிச் பக்கம் இருப்பவர்களுக்கு அரோசா, லென்சர்ஹைடே என்ற இரண்டு மலை ஊர்கள் சேர்ந்த ஸ்கீ பகுதியான அரோசா லென்சர்ஹைடே வசதி. கூர் வரை ரயில், கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து அரோசாவுக்குச் சிவப்பு நிறச் சிறு ரயில், இன்னும் ஒரு மணி நேரம். கூர் நகரத்துக்குள் அது கார்களோடு சேர்ந்து தெருவிலேயே ஓடும். பிள்ளைகளுக்கு அதுவே பாதி விடுமுறை. லென்சர்ஹைடேக்குக் கூரிலிருந்து போஸ்ட் பஸ். கார் வேண்டாம் என்பேன்: அரோசா மலைச்சாலையில் 300-க்கும் மேற்பட்ட வளைவுகள்.

இரண்டு ஊரும் வெவ்வேறு பள்ளத்தாக்கில் இருக்கின்றன. 2014 ஜனவரியில் ஊர்டன்பான் என்ற கேபிள் கார் அவற்றை இணைத்தது. மொத்தம் 225 கிலோமீட்டர் சறுக்குப் பாதை என்று விளம்பரம் சொல்லும். அதைப் பார்த்து முழுப் பகுதிக்கும் பாஸ் வாங்கிவிடாதீர்கள். புதிதாகப் பழகுகிறவர் முதல் இரண்டு மூன்று நாள் பயிற்சிச் சரிவைவிட்டு நகரமாட்டார். அந்த லிஃப்டுகளுக்கு மட்டும் சீட்டு உண்டா என்று முதலில் கேளுங்கள். மிச்சக் காசை ஸ்கீ பள்ளிக்குக் கொடுங்கள். யூடியூப் பார்த்துப் பழகலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

நீலப் பாதை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு பக்கமே போகாதீர்கள். கொஞ்சம் பழகி மறுபக்கம் போகிறீர்கள் என்றால், திரும்பிவரும் கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வையுங்கள். தவறவிட்டால் ஸ்கீயையும் தூக்கிக்கொண்டு கூர் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். காற்று பலமாக அடித்தாலும் அது நின்றுவிடலாம்.

ஸ்கீ, சப்பாத்து, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கே எடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. வெயில் கிரீம் கட்டாயம். நம் தோல் கறுக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் காப்புறுதி. ஒரே முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்தால் ஸ்கீ விபத்தும் வேலையிடக் காப்புறுதியில் அடங்கும். வேலை இல்லாதவருக்கும் பிள்ளைகளுக்கும் கிராங்கன்காசாவில் (மருத்துவக் காப்புறுதியில்) விபத்துப் பகுதி சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அது மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 5000 பிராங்க் வரைதான், கொடுக்கும். ரேகா என்ற மீட்பு ஹெலிகொப்டர் சேவையின் எண் 1414. கைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.