போல்ட்டைத் தொடுவதற்கு முன்

சனிக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப்பில் ரைஃபிள்களைத் துடைத்து முடித்த இரண்டு தம்பிகள், மேசையில் கிடந்த போல்ட்டுகளை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்பக்கத்தை மூடும் பாகம்) ஆளுக்கொன்றாக எடுத்துச் செருகினார்கள், மாறிப்போனது தெரியாமல். "ஒரே மாடல்தானே அண்ணே, என்ன ஆகிடப்போகுது?" நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன்.

அடுத்த ரைஃபிளின் போல்ட்

என்எஸ்ஸில், அதாவது சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவையில், எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டிய கைக்கு இது தவறாகவே படாது. படைத் துப்பாக்கியின் உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. போட்டி ரைஃபிளில் போல்ட்டை அந்தந்தக் குழலோடு சேர்த்து அளந்து பொருத்துகிறார்கள்.

போட்டியில் சுடும் சின்ன .22 தோட்டாவின் அடிப்பக்க விளிம்பு, குழலின் பின்முனைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே உட்காரும். அந்த இடைவெளிக்குப் பெயர் ஹெட்ஸ்பேஸ். குறைந்தது 1.09 மில்லிமீட்டர், கூடினால் 1.17. நடுவில் இருப்பது ஒரு தலைமுடி கனம், அவ்வளவுதான்! அதைத் தாண்டினால் ஊசி குத்தும்போது தோட்டா முன்னால் நழுவும், அடி தளரும். சிலது வெடிக்காது, வெடிப்பதும் ஒரே வேகத்தில் போகாது. மிகவும் தாண்டினால் விளிம்பு கிழிந்து சூடான வாயு முகத்துக்கு வரும். இடைவெளி குறைந்தாலோ, போல்ட்டை அழுத்தி மூடத் தோன்றும். தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. நசுங்கினால் மூடும்போதே வெடிக்கலாம்.

அப்படி மாறிய போல்ட்டோடு மூன்று மாதம் என் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறின. 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர், நம் ஐந்து காசைவிடச் சின்னது. மூச்சைக் குறை சொன்னேன், விலை கூடிய தோட்டா வாங்கினேன். கடைசியில் பயிற்சியாளர் கீழே கிடந்த வெற்றுக் கூடு ஒன்றைப் பொறுக்கி விளக்கடியில் பிடித்தார். விளிம்பு ஒரு பக்கம் உதடு மாதிரி வீங்கியிருந்தது. அன்று கண்ணாடி போட்டிருந்தேன், தப்பித்தேன்.

பல ரைஃபிள்களில் போல்ட்டிலேயே துப்பாக்கி எண் பொறித்திருக்கும். அதைப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். புது போல்ட் தேவைப்பட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் கேஜ் வைத்து அளந்த பிறகே சுடுங்கள்.

உப்புத்தாள்

போல்ட்டின் பூட்டுப் பகுதியில் வைக்கவே வைக்காதீர்கள். தேய்த்த இரும்பு திரும்பி வராது.

இணையத்தில் போல்ட் வாங்குவது

சிங்கப்பூரில் துப்பாக்கி உதிரிக்கும் உரிமம் வேண்டும். அப்படி வாங்காதீர்கள்.

வெறுமனே விசையை அழுத்துவது

பல .22 ரைஃபிள்களில் ஊசி குழலின் ஓரத்தில் மோதிப் பள்ளம் விழும். போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள்.

தம்பிகளின் போல்ட்டுகளைக் கழற்றி எண் பார்த்து மாற்றிக் கொடுத்தேன். பெரியவன் தன்னுடையதில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டான்.