ஐஸ் உருகும்போது வெப்பநிலை ஏறாமல் நிற்பதைக் கண்ணால் காண்பது எப்படி?

ஒரு சிறிய எவர்சில்வர் பாத்திரத்தில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, அது மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த நீரை ஊற்றி, ஆய்வக வெப்பமானியின் குமிழ் அடியில் படாதவாறு நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. இவ்வளவு குறைந்த வெப்பநிலையை அது காட்டாது.

பாத்திரத்தை மிகச் சிறிய தீயில் வைத்து, கரண்டியால் விடாமல் கிளறியபடி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே தீ எரிந்துகொண்டே இருந்தாலும், ஐஸ் மிஞ்சியிருக்கும் வரை வெப்பமானி 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கடைசித் துண்டு கண்ணாடிச் சில்லுபோல் மெலிந்து மறைந்த பிறகுதான் அளவு ஏறத் தொடங்கும். அந்தக் கணத்தை அவசியம் பொறுமையாகக் கவனியுங்கள். பருப்பொருளின் நிலைமாற்றத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எளிய சோதனை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கொடுத்த வெப்பமெல்லாம், திண்மத்தில் மூலக்கூறுகளை ஒழுங்காகப் பிணைத்திருந்த கட்டமைப்பைத் தளர்த்துவதற்கே செலவாகிறது. ஒரு கிராம் ஐஸை நீராக்க ஏறத்தாழ 334 ஜூல் (ஆற்றலின் அலகு) வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீரைச் சுமார் 80 டிகிரி சூடாக்க அதுவே போதும். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜோசப் பிளாக் விளக்கிய உள்ளுறை வெப்பம் இதுதான்.

நீரில் உப்பு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்தால் அளவு 0 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும்.