சாதியைப் பாடமாக எடுப்பது எப்படி?

முதல் வகுப்பிலேயே வரையறையைப் போர்டில் எழுதாதீர்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து ஊர் வரைபடம் போடச் சொல்லுங்கள்: பஸ் எங்கே நிற்கும், ரேஷன் கடை எந்தத் தெருவில், தண்ணீர்த் தொட்டி யார் பக்கம், சுடுகாடு எத்தனை. என் வகுப்பில் ஒரு பெண் இரண்டு சுடுகாடு வரைந்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. யாரையும் தன் சாதியைச் சொல்ல வைக்காதீர்கள், தாளில் பெயரும் வேண்டாம்.

அப்புறம்தான் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய். 1961-62இல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், அக்ரகாரத்தில் தங்கி ஆய்வு செய்தவர். அங்கே தங்கியதாலேயே சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், நாம் எந்தத் தெருவில் நின்று பார்க்கிறோம் என்ற கேள்வியை யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்.

சரி, வகுப்பு முடிந்து தனியாகப் பேச வருகிறவருக்கு? அறிவுரை வேண்டாம். ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி என்ன, வருமானச் சான்றிதழுக்கு எந்த இ-சேவை மையத்தில் கூட்டம் குறைவு, இதெல்லாம் விரல்நுனியில் இருக்கட்டும்.