லூடோ கேக்: 15 கட்டமும் ஒரு அடிமட்டமும்

லூடோ பலகையை எண்ணிப் பாருங்கள். நீளம் 15 கட்டம், அகலம் 15 கட்டம். 9 அங்குலச் சதுரத் தட்டு என்றால் 22.9 செ.மீ. கட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. அளவாக வரும்போல இருக்கும். வராது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கேக் வழக்கமான பட்டர் கேக்தான். பட்டர், சீனி, கோதுமை மா தலா 350 கிராம், முட்டை 6, பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, வனிலா. 170 பாகையில் வைத்து, 50 நிமிடத்துக்குப் பிறகு ஈர்க்குக் குத்திப் பாருங்கள். ஆறியதும் மேட்டைச் சீவிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம்தான் மட்டமாக இருக்கும். ஜாமை மெல்லிசாகப் பூசி வெள்ளை பொண்டன்டால் (மாப்போலத் தேய்த்து விரிக்கிற சீனி ஐசிங்) மூடுங்கள். பட்டர் ஐசிங் வேண்டவே வேண்டாம். திருகோணமலையில் சூடான கச்சான் காற்று வீசுகிற நாளில் அதில் போட்ட கோடு மத்தியானம் வரை நிற்காது.

இனிக் கட்டம். ஆறும்போது கேக் சுருங்குகிறது. பொண்டன்ட் அதை ஈடுகட்டினாலும் மேல் விளிம்பு நாலு பக்கமும் வளைந்துவிடும். அதனால் தட்டை அளக்காமல், மூடிய கேக்கில் வளைவு தொடங்கும் இடம் வரை அளவெடுங்கள். அநேகமாக 22 செ.மீ. அளவில் வரும். கட்டத்துக்கு 1.4 எடுத்தால் மொத்தம் 21; மிச்சம் ஓரமாக நிற்கட்டும். நேரே கேக்கில் கோடு போடாதீர்கள். ஒயில் பேப்பரில் 21 செ.மீ. சதுரம் வெட்டி, பென்சிலால் கட்டம் வரைந்து, பென்சில் பக்கம் மேலே இருக்கக் கேக்கில் விரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலைகளிலும் குண்டூசியால் குத்துங்கள். பேப்பரை எடுத்துவிட்டு, கழுவித் துடைத்த அடிமட்டத்தைப் புள்ளியோடு புள்ளி வைத்துக் கத்தியின் முதுகால் அழுத்தினால் போதும்.

மூலை வீடுகள் 6 கட்டம், அதாவது 8.4 செ.மீ. நடுச் சதுரம் 4.2, அதை மூலைக்கு மூலை வெட்டினால் நாலு முக்கோணம். ஒவ்வொரு கையிலும் நடு வரிசையில் 5 கட்டமும், காய் இறங்கும் கட்டம் ஒன்றும் நிறம். எங்கள் பலகையில் சிவப்புக்கு எதிரே மஞ்சள், பச்சைக்கு எதிரே நீலம். உங்கள் பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் முதலில் பிழை பிடிப்பது பிள்ளைகள்தான்.

நிறத்துக்கு ஜெல் கலரிங் மட்டும். தண்ணீர்க் கலரிங்கில் சிவப்பு வருமுன் பொண்டன்ட் களியாகிவிடும். தேய்த்த உடனே வெட்டித் தூக்கினால் சதுரம் இழுபட்டுக் கோணலாகும். ஒயில் பேப்பரில் 20 நிமிடம் காயவிட்டு வெட்டுங்கள்.

மிச்சத்தில் 16 காய், ஒரு தாயக்கட்டை. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வரவேண்டும்.

பிறகு சேர்த்தது: உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தா, பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கேக் வியர்த்துச் சிவப்பு வெள்ளைக்குள் ஒழுகிவிட்டதாம். இந்தக் கேக்குக்கு பிரிட்ஜ் தேவையில்லை, ஒரு இரவு வெளியே இருக்கும். வைத்தே ஆகவேண்டுமென்றால் மட்டைப் பெட்டியில் மூடி வையுங்கள். எடுத்த பிறகும் குளிர் போகும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.

மார்கழி மழைக்குள் செய்கிறவர்கள் நிறப் பொண்டன்டில் 250 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி சி.எம்.சி. பவுடர் (பொண்டன்டை இறுகவைக்கிற தூள்) பிசைந்துகொள்ளுங்கள். அது இல்லாமல் அந்த ஈரத்தில் சதுரம் காயாது.